காவலில் எடுத்த உயிர்: மாநகராட்சி நாய்க்கொட்டில்களும் பொறுப்பும்

தெருநாய்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி தெருவில் தொடங்கித் தெருவிலேயே முடிந்துவிடுகிறது. இத்தனை பேரைக் கடித்தது, இன்னார் உணவு வைக்கிறார், இரவுப் பணி முடிந்து திரும்புவோரைத் துரத்துகிறது, குழந்தைகள் பள்ளிக்கு அஞ்சியஞ்சிச் செல்கிறார்கள் என்னும் முறையீடுகள் அனைத்தும் கேட்கப்பட வேண்டியவையே. ஆயினும் நாய் பிடிக்கும் வண்டி வந்து, நாயை ஏற்றிக்கொண்டு, தெருமுனையைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதைக் கேட்பவர் மிகச் சிலர். முறையீடு செய்தவருக்கு வண்டி வந்து சென்றதே தீர்வாகத் தோன்றுகிறது. உணவு வைத்தவருக்கோ, அந்த நாய் திரும்பி வருமா என்று கேட்பதற்கு ஓர் அலுவலகமும் இருப்பதில்லை. வண்டிக்குப் பிந்தைய அந்த நாட்களே இச்சொற்பொழிவின் பொருள்.

இதில் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது சட்டநிலை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு விலங்கைத் தன் பராமரிப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற வலியும் துன்பமும் அதற்கு நேராமல் தடுக்கவும் இயன்ற நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கக் கடமைப்பட்டவர் என்று விதிக்கிறது. தெருவில் திரியும் நாய்க்கு இவ்வாறு பொறுப்பேற்றவர் என்று எவரையும் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனால் அதே நாய் வலையில் விழுந்து வண்டியில் ஏற்றப்பட்ட கணத்தில் அதற்கு ஐயத்துக்கிடமில்லாத ஒரு பொறுப்பாளர் உண்டாகிவிடுகிறார்; அவர் உள்ளாட்சி அமைப்பு. கொட்டிலுக்குள் ஒரு நாய் தாகத்தால் வாடினாலும், பிரிந்த தையலோடு கிடந்தாலும் அது இரக்கமுள்ளோர் வருந்துவதற்குரிய செய்தியாக மட்டும் நின்றுவிடாமல், பொது நிறுவனம் ஒன்று தன் கடமையில் தவறிய நிகழ்வாகவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

தெருவில் திரியும் விலங்கைப் பிடித்து அடைக்கும் வழக்கம் நாயிலிருந்து தொடங்கியதன்று. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை அனைவரும் அறிந்த நடைமுறை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு முறையான வடிவம் தந்தது. அச்சட்டம், அடைக்கப்பட்ட மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் தருவது பவுண்டுக் காவலரின் கடமை என்று வெளிப்படையாகவே கூறுகிறது; மாட்டை மீட்க வரும் உடைமையாளர் தண்டத்தோடு தீவனச் செலவையும் கட்டவேண்டும். மீட்க ஒருவர் வருவார், வந்தால் மாட்டின் விலாவைத் தடவிப் பார்ப்பார், இளைத்திருந்தால் சண்டையிடுவார் என்னும் எதிர்பார்ப்புதான் அந்த ஏற்பாட்டை ஓரளவேனும் நேர்மையாக வைத்திருந்தது. நாய்க்கொட்டிலோ அதே கட்டட வடிவத்தையும் அதே நிர்வாகப் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு, மீட்க வருபவர் ஒருவரும் இல்லாத விலங்குக்கு அதைப் பொருத்தியது. விலையும் இல்லை, வழக்குத் தொடுப்பவரும் இல்லை, ஏலத்தில் எடுப்பவரும் இல்லை. கொட்டிலில் நடக்கும் புறக்கணிப்பின் வேர் தனிமனிதக் கொடூரத்தைவிட இந்த அமைப்பிலேயே ஆழமாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநகரங்கள் இதற்குக் கண்ட வழி விரைவான கொலை. நியூயார்க்கில் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் இறக்கி மூழ்கடித்தார்கள். 1894இல் அந்நகரத்து விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பொறுப்பேற்றபோதுதான் பழைய முறை மாறியது. பிலடெல்பியாவில் கரோலைன் ஏர்ல் ஒயிட் என்னும் பெண்மணியின் முயற்சியால், அடைத்துவைத்தாலும் உணவும் நீரும் தந்து, வளர்ப்போரைத் தேடிக்கொடுக்கும் காப்பகம் ஒன்று 1870ஆம் ஆண்டையொட்டி உருவானது. லண்டனில் மேரி டீல்பி 1860இல் தொடங்கிய நாய்க் காப்பகம் பின்னர் பேட்டர்சீ பகுதிக்கு இடம் மாறியது. அங்கே 1884இல் மருத்துவர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன், நாய்களை வாயுவால் மயக்கிக் கொல்லும் அறை ஒன்றை அமைத்தார். அடித்துக் கொல்வதற்கும் மூழ்கடிப்பதற்கும் மாற்றாக, நோகாத சாவு என்னும் நோக்கத்தோடு வந்த இவ்வறை பேரரசின் நகரங்களுக்கும் நடைமுறையாகவும் சொல்லாகவும் பரவியது. 1960ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலும் அது இடம்பெற்றுவிட்டது: எவையெவை வதை என்று பட்டியலிடும் 11ஆம் பிரிவே, தெருநாய்களைக் கொலையறைகளில் அழிப்பதை வதையென்று கொள்ளலாகாது என விலக்கும் அளிக்கிறது. அச்சட்டத்துக்கு வித்திட்ட தனிநபர் மசோதாவை 1950களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் சென்னை கலாசேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பிற விலங்குகள் பலவற்றுக்குக் காப்பாக வந்த சட்டம் தெருநாய்க்கு மட்டும் இப்படியொரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

சென்னைக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. புளூ கிராஸ் அமைப்பு திரட்டியுள்ள செய்திகளின்படி, மதராஸ் நகராட்சி 1860இலேயே நாய்களைப் பிடித்துக் கொல்லும் பணியைத் தொடங்கிவிட்டது; 1990களின் நடுப்பகுதியில் கொல்லப்பட்டவற்றின் எண்ணிக்கை நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேலாக வளர்ந்திருந்தது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாது செய்யப்பட்ட ஒரு பணி, தொடங்கிய நாளைவிட முடியும் நாளில் பன்மடங்கு பெரிதாக இருந்தது என்பதைவிட அதன் தோல்விக்கு வேறு சான்று தேவையில்லை. கேப்டன் வி. சுந்தரமும் அவர் துணைவியார் உஷாவும் 1959இல் நிறுவிய அவ்வமைப்பு, அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணாவின் முனைப்பில், கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தி வந்தது. மாநகராட்சி அதை ஏற்று நகரம் முழுவதும் கொலையை நிறுத்தியது 1996இல்தான். நாடு தழுவிய விதியாக அது 2001இல் வந்தது. 2023இல் வெளியான விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் பழைய விதிகளின் இடத்தைப் பிடித்தன.

கொலை நின்றவுடன் கொட்டிலின் துன்பமும் நின்றுவிட்டதாகப் பலர் கருதினார்கள். உண்மையில் அதன் தன்மை மாறியது. முன்பு நாய் சில மணி நேரமோ சில நாட்களோ இருந்து மடிந்த இடத்தில், இப்போது அறுவைக்கு முன்னும் பின்னுமாகப் பல நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும். சாவதற்கு முன் நிறுத்திவைக்கும் இடமாகக் கட்டப்பட்ட கூடம், ஒரே இரவில் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. சுவரும் தளமும் வடிகாலும் பணியாளர் எண்ணிக்கையும் மனப்பழக்கமும் பல ஊர்களில் பழையபடியே நின்றன.

துன்பம் பிடிக்கும் கணத்திலேயே தொடங்குகிறது. கையாலோ வலையாலோ பிடிக்க வேண்டும், இடுக்கியும் கம்பிச் சுருக்கும் கூடாது என்பது விதி; ஆனால் கழுத்தில் கம்பி இறுகத் தரதரவென்று இழுபட்டு வரும் நாயைப் பார்த்திராத நகரவாசி அரிது. மிரண்ட நாய்களைச் சாய்தளத்தின் வழியே நடத்தி ஏற்றுவதற்குரிய வண்டி வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகளே கூறியிருந்தும், கழுத்தைப் பற்றித் தூக்கி எறிவதே பலவிடங்களில் வழக்கம். வெவ்வேறு தெருக்களின் நாய்கள் தங்களுக்குள் அந்நியமானவை. எல்லை காப்பது அவற்றின் இயல்பு. அவற்றை ஒரே கூண்டில் நெருக்கி நண்பகல் வெயிலில் ஊர் சுற்றினால், கொட்டிலை அடையும் முன்பே கடிபட்டவையும் வெப்பத்தால் துவண்டவையும் சில இருக்கும். பாலூட்டும் தாயைப் பிடித்துவிட்டால், கண் திறக்காத குட்டிகள் ஏதோ ஒரு படிக்கட்டின் அடியிலோ கழிவுநீர்க் குழாயிலோ பசியால் மடிகின்றன. அந்தச் சாவுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கொட்டிலுக்குள் மிகுதியான உயிர்களைக் கொல்வது கோலன்று, தொற்று. பார்வோ வைரஸ் என்பது நாயின் குடலைத் தாக்கி இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்கிருமி. நோயுற்ற நாயின் மலத்தோடு வெளியேறி, தளத்தின் வெடிப்புகளில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கவல்லது. கொட்டில்களில் நாள்தோறும் ஊற்றப்படும் பினாயிலை நம்பி அதை ஒழிக்க இயலாது. மலத்தை முழுவதும் அகற்றிவிட்டு, வெளுப்புக் கரைசலை உரிய செறிவில் ஊற்றி, உரிய நேரம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். அதற்குக் கூண்டு காலியாக இருக்க வேண்டும். கூண்டு காலியாக இருக்க, மாற்றுக் கூண்டு வேண்டும். நாய்கள் உள்ளே இருக்கும்போதே குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவும் வழக்கம், கிருமியை ஒரு கூண்டிலிருந்து மறு கூண்டுக்குப் பரப்புவதோடு, நாய்களை நனைத்து நடுங்கவும் விடுகிறது. டிஸ்டெம்பர் என்பது காற்றில் பரவி நுரையீரலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் மற்றொரு நோய். அறிகுறி வெளிப்பட ஒரு வாரத்துக்கும் மேலாகலாம் என்பதால், நலமாகத் தெரியும் நாயே அதைக் கொட்டிலுக்குள் கொண்டுவருகிறது, நலமாக வந்த வேறொன்று அதைத் தன் தெருவுக்குக் கொண்டு செல்கிறது. புதிதாக வருபவற்றைத் தனியே வைத்துக் கண்காணிக்கும் இடம் இல்லாத கொட்டில், நகரத்தின் நோய்களைச் சேகரித்துப் பகிர்ந்தளிக்கும் கூடமாகிவிடுகிறது.

உணவின் நிலையும் இத்தகையதே. பத்து நாய்களுக்குப் போதுமான சோறு ஒரே தொட்டியில் கொட்டப்பட்டால், கணக்குப் புத்தகத்தில் பத்து நாய்கள் உண்டதாக எழுதலாம். உண்மையில் வலிய இரண்டோ மூன்றோ தொட்டியை மறித்து நிற்க, மூலையில் ஒடுங்கியது பட்டினி கிடக்கும். அறுவைக்கு முந்தைய இரவு உணவை நிறுத்துவது மயக்க மருந்தின்போது வாந்தி மூச்சுக்குழலில் செல்லாதிருக்க உதவும் நல்ல மருத்துவ நெறி. ஆனால் மருத்துவர் வராததாலோ மின்சாரம் நின்றதாலோ அறுவை மறுநாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் தள்ளிப்போகையில், நிறுத்திய உணவைத் திரும்பத் தரச்சொல்லும் ஆள் இல்லாவிடில் நெறியே பட்டினியாகிறது. அறுவை முடிந்து மயக்கம் தெளியாத நாயின் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. அதைச் சாக்குக்கூட விரிக்காமல் ஈரச் சிமென்ட் தரையில் கிடத்துவது, செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய சாவுகளுக்கு இடம் தருவதாகும். அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாட்கள் வைத்திருந்து, புண் ஆறுவதைப் பார்த்த பிறகே விட வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டு விதிகள். கூண்டுகள் குறைவாகவும் நாளொன்றுக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை மிகுதியாகவும் இருக்கும் இடத்தில் முதலில் சுருங்குவது இந்த 4 நாட்களே.

திரும்ப விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. பிடித்த இடத்தைக் குறித்துக் கழுத்தில் எண் கட்டி, அதே இடத்தில் விட வேண்டும் என்னும் விதியை, வண்டிக்குரிய எரிபொருளை மிச்சப்படுத்தவோ முறையிட்டவரை மகிழ்விக்கவோ மீறி, வேறொரு பகுதியில் இறக்கிவிடுவதுண்டு. அங்குள்ள நாய்கள் அதை விரட்டிக் கடிக்கும். தண்ணீர் இருக்கும் இடமும் ஒதுங்கும் நிழலும் அறியாது அலையும் அது, அச்சத்தால் மனிதரையும் கடிக்கும். கடியைக் குறைக்க வந்த திட்டம் அந்தப் புள்ளியில் கடியைப் பெருக்குகிறது.

இவற்றுக்கெல்லாம் நாய் பிடிக்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்குவது எளிது. அது பெரும் அநீதி. பெரும்பாலும் ஒப்பந்த ஊதியத்தில், கையுறையும் முறையான பயிற்சியும் இன்றி வேலை பார்க்கும் அவருக்கு, கடிபடும் முன்பே போட வேண்டிய ரேபிஸ் தடுப்பூசித் தவணைகூடப் பல உள்ளாட்சிகளில் உறுதிப்படுத்தப்படுவதில்லை. தெருவில் ஒரு சாரார் அவரைப் பாவி என்று வைகிறார்கள், மறு சாரார் ஏன் எல்லாவற்றையும் பிடிக்கவில்லை என்று வைகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறையின் தீங்கும் புதிதன்று. 1832இல் பம்பாயில், பிடித்த நாயொன்றுக்கு எட்டணா என்று அரசு அறிவித்தபோது ஊதியத்துக்காக அளவுமீறிப் பிடிக்கப்பட்டதும், நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் அவ்வாண்டு ஜூன் மாதம் கிளர்ந்தெழுந்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளன. இன்றும் அறுவைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடப்படும்போது, பிழைத்த நாய்க்கும் பிழைக்காத நாய்க்கும் ஒரே தொகையே கிடைக்கிறது. பணம் பெறுவதற்குச் சான்றாக நீக்கப்பட்ட உறுப்புகளைப் பாதுகாத்து எண்ணும் முறை உண்டு. ஒரு மாதம் கழித்து அந்த நாய் உயிரோடு இருக்கிறதா என்று எண்ணும் முறை இல்லை.

நாய்க்கடிக்கு ஆளானோரின் தரப்பை ஒதுக்கிவிட்டு இப்பொருளைப் பேசுவது நேர்மையாகாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. உலகில் அந்நோயால் மடிவோரில் மூன்றில் ஒரு பங்கினர் இந்தியர். அவர்களிலும் தெருவில் விளையாடும் ஏழைக் குழந்தைகள் மிகுதி. அக்குழந்தைகளின் தாய்மாருடைய துயரத்துக்கு முன் நாயின் துயரத்தை எடைபோட எவருக்கும் உரிமை இல்லை. எனினும் மோசமான கொட்டில் அந்தக் குழந்தைகளுக்கும் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. நாய்களை அகற்றுவதால் மட்டும் எங்கும் அவற்றின் எண்ணிக்கையோ ரேபிஸ் பரவலோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992இலேயே கூறிவிட்டது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடுவதே நோயின் சங்கிலியை அறுக்கிறது. அதற்கு நாய்கள் மனிதரை நெருங்கவிட வேண்டும். ஒருமுறை கம்பியில் இழுபட்டு, பட்டினி கிடந்து திரும்பிய நாய், வண்டியின் ஓசை கேட்டவுடன் ஓடி மறைகிறது. மறு ஆண்டு தடுப்பூசிக்கு அது அகப்படுவதில்லை. உணவு வைப்பவர்களும் அடுத்த முறை நாயைப் பிடித்துக் கொடுக்க உதவாமல் ஒளித்துவைக்கிறார்கள். சென்னையில் 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 57,366 தெருநாய்களைக் காட்டியது. 2024இல் எடுக்கப்பட்ட கணக்கு ஏறத்தாழ 1.81 லட்சத்தைக் காட்டியது. கணக்கெடுக்கும் முறை மாறுபட்டிருக்கலாம் என்று கொண்டாலும், பணி தேவைக்குப் பின்தங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி போன்ற நகரத்து மையங்களின் வேலைச்சுமை எத்தகையது என்பதற்கு இதுவே அளவுகோல். பின்தங்கிய பணியை விரைவுபடுத்தும் அழுத்தம், மேலே கூறிய 4 நாட்களின் மீதும், மாற்றுக் கூண்டின் மீதும், மருத்துவரின் கவனத்தின் மீதும் விழுகிறது.

2025ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணைகள் இக்கேள்வியை அவசரமாக்கியுள்ளன. ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோரின் அமர்வு, தில்லித் தலைநகரப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதை மாற்றி, ரேபிஸ் உள்ளவை, அதன் ஐயத்துக்குரியவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 அன்று வந்த ஆணையோ, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து அகற்றப்படும் நாய்களைத் திரும்ப அங்கே விடலாகாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது. நோயாளிகளும் மாணவர்களும் உள்ள இடங்களைப் பற்றிய அக்கறை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் நல்ல நலத்தோடு அடைக்கப்படும் நாய் பத்தாண்டுகளும் வாழக்கூடும். சில நாட்களுக்கே உணவும் இடமும் தரத் திணறும் உள்ளாட்சியிடம் பத்தாண்டுக் காவலை ஒப்படைக்கும்போது, அதற்குரிய நிலமும் மருத்துவரும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியும் முன்கூட்டி உறுதி செய்யப்படாவிடில் விளைவு என்னவாகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 1910இல் இஸ்தான்புல் நிர்வாகம் தன் தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மார்மரா கடலின் சிவ்ரியாடா என்னும் பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டது. எவரும் அவற்றைக் கொல்ல ஆணையிடவில்லை. நீரும் உணவும் இல்லாத இடத்தில் அடைத்ததே போதுமானதாயிற்று.

தமிழ்நாட்டார் நன்கறிந்த ஒரு வழக்கிலிருந்தே இதற்குரிய அளவுகோல் கிடைக்கிறது. ஜல்லிக்கட்டைத் தடைசெய்த 2014ஆம் ஆண்டின் நாகராஜா தீர்ப்பு, பின்னர் சட்டத்திருத்தத்தாலும் 2023ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அமர்வுத் தீர்ப்பாலும் அவ்விளையாட்டைப் பொறுத்தவரை கடந்துசெல்லப்பட்டது. ஆயினும் அதில் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் எடுத்துரைத்த ஐந்து விடுதலைகள், கொட்டிலைச் சோதிக்கச் செல்லும் எவருக்கும் பயன்படும் வினாநிரல்: பசியும் தாகமும் இன்மை, வசதிக்குறைவு இன்மை, வலியும் நோயும் இன்மை, அச்சமும் வேதனையும் இன்மை, இயல்பான நடத்தைக்கு இடம் இருத்தல். காளைக்காக மாநிலமே எழுந்து நின்று வாதாடிய மண்ணில், இவற்றுள் முதலாவதான தண்ணீரையேனும் கொட்டிலின் நாய்க்கு உறுதி செய்வது இயலாத காரியமாக இருக்க முடியாது.

மீறினால் தண்டனை என்ன என்று பார்த்தால், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய சிறு தொகைகளே இன்னும் நிற்கின்றன: முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். இத்தொகையை நாடாளுமன்றம் உயர்த்தும் வரை காத்திராமல் உள்ளாட்சிகள் இன்றே செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு கொட்டிலும் நாள்தோறும் பிடித்தவை, அறுவை செய்தவை, திரும்ப விட்டவை என்று எழுதும் பதிவேட்டில் இறந்தவை, இறந்த காரணம் என்னும் இரண்டு பத்திகளைச் சேர்த்து, அதை மாதந்தோறும் மாமன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எண்ணிக்கை முழுவதையும் நம்பித் தொகை தராமல், அதில் ஒரு பகுதியை இரண்டு வாரம் கழித்துத் தெருவில் நாயைப் பார்த்துச் சரிபார்த்த பின்னரே வழங்க வேண்டும். விதிகள் கூறும் கண்காணிப்புக் குழுவில் கால்நடை மருத்துவர் ஒருவரும் அந்தந்தப் பகுதியில் உணவு வைப்போர் ஒருவரும் இடம்பெற்று, முன்னறிவிப்பின்றிக் கொட்டிலுக்குள் நுழையும் உரிமை பெற வேண்டும். மாட்டைத் தேடி உடைமையாளர் பவுண்டுக்கு வந்தது போல, இந்த நாயைக் கேட்டு வரவும் ஒருவர் இருக்கிறார் என்பதைக் கொட்டிலின் பொறுப்பாளர் அப்போது நாள்தோறும் மனத்தில் கொண்டு வேலை செய்வார்.